முடிந்தால் வெளியேறு

அமெரிக்கா சென்று திரும்பிய நாள்முதல் பங்கு மக்களில் பலர் நம்மைக் கண்டவுடன் கேட்கும் முதற்கேள்வி, "சாமி, நயாகரா பார்த்தீர்களா?" என்பதே. பார்க்கவில்லை. வானளாவும் மாளிகைகளையும் பார்க்கவில்லை. விடுமுறையாகக் கிடைத்த மூன்று வாரங்களில் ஐந்து முழு நாள்களைச் சேற்றுநீர் ஓடும் ஓர் ஓடைக்குள் நடப்பதிலேயே செலவிட்டோம் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் தோன்றும் ஏமாற்றத்தைக் காண நமக்கே இரக்கமாயிருக்கிறது. ஆகவே அவ்வோடையைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுவது நலம் என்று தோன்றிற்று.

யூட்டா மாநிலத்தின் தென்பகுதியில் பிரைஸ் கேனியன் என்றொரு மேட்டுநிலம் உண்டு. செந்நிறப் பாறைகள் கோபுரம் கோபுரமாய் நிற்கும் இடம். அதன் அடிவாரத்து நீரோட்டங்களைச் சேர்த்துக்கொண்டு பரீயா என்னும் சிற்றாறு புறப்படுகிறது. தெற்கு நோக்கி ஓடி, அரிசோனா எல்லையைக் கடந்து, லீஸ் ஃபெரி என்னும் துறையில் கொலராடோ பேராற்றில் கலக்கிறது. பரீயா என்பது அந்நிலத்தின் ஆதிக்குடிகளான பையூட் மக்களின் சொல். சேற்றுநீர் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆறு என்று பெயரே ஒழிய, நம் ஊர் வாய்க்கால்களில் முறைவைத்து விடும் நீரைவிட அதிகமில்லை. பல இடங்களில் கணுக்கால் அளவு, சில இடங்களில் முழங்கால் அளவு. அந்த நீர்தான் பல நூறு அடி உயரமுள்ள மணற்பாறையை வாள்கொண்டு அறுத்தாற்போல் அறுத்து, அடியில் தனக்கொரு சந்து அமைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாறையோ ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. குன்றின்மேல் குன்றாக மணல் சாய்ந்து படிந்த வரிகள் இன்றும் சுவர்களில் அப்படியே தெரிகின்றன. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைக் கல்லாக்கி, அதைப் பிளந்து, பிளவுக்குள் நம்மை நடக்கவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி.

குருமடத்தில் நம்மோடு படித்த தோழர் ஒருவர் அரிசோனாவில் பணிபுரிகிறார். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய விருந்தினராகச் சென்றோம். "ஐந்து நாள் நடப்பாயா?" என்று கேட்டார். வேளாங்கண்ணிக்கு நடந்து சென்ற கால் இது என்று பெருமையாகச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் பிறகே விளங்கிற்று.

வழித்துணைவர் அவருடைய பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 66. கணவரோடு அந்தப் பள்ளத்தாக்கைப் பலமுறை நடந்து கடந்தவர். கணவர் இறந்தபின் நடப்பது அதுவே முதன்முறை என்பதை நாங்கள் பின்னரே அறிந்தோம். புறப்படுவதற்கு முந்தின மாலை எங்கள் மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து நிறுத்தார். நம்முடைய கட்டளை ஜெபப் புத்தகம் தராசுக்குச் சென்றது, திரும்பவில்லை. "இதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீர், ஃபாதர்" என்றார். இரண்டாவது மேலங்கியும் சவரக்கத்தியும் அவ்வாறே கழிந்தன. ஜெபமாலை மட்டும் தப்பியது.

அப்பள்ளத்தாக்கில் நடப்பதற்கு விதிமுறைகள் பல. இரவு தங்கிச் செல்வோர் நாளொன்றுக்கு 20 பேருக்குமேல் நுழைய அனுமதியில்லை. நெருப்பு மூட்டலாகாது. மனிதர் கழிவையும் அதற்கென உள்ள பையிலிட்டு, ஐந்து நாளும் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று முதலில் தயங்கினோம். ஆனால் நம் திருத்தலங்களில் திருவிழா முடிந்த மறுநாட் காலையைக் கண்டவர் யாரும் இதைப் படித்து முகம் சுளிக்கமாட்டார்கள் என்று எண்ணி எழுதுகிறோம்.

முதல்நாள் 'வெள்ளை மாளிகை' என்று பெயர்பெற்ற ஓரிடத்திலிருந்து இறங்கினோம். (அங்கே மாளிகையும் இல்லை, மன்னரும் இல்லை. ஒரு மணற்பரப்பு, அவ்வளவே.) முதல் நான்கு மைல் திறந்த வெளி. ஓடை இங்கும் அங்கும் வளைந்து வளைந்து குறுக்கிடும். ஐம்பது முறைவரை எண்ணினோம், அப்பால் விட்டுவிட்டோம். காலணி உலரும் என்ற நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே துறந்துவிட வேண்டும். பிறகு சுவர்கள் நெருங்கத் தொடங்கின. வானம் ஆற்றின் அகலமாயிற்று, பின் தெருவின் அகலமாயிற்று. நடுப்பகலிலும் வெயில் அடியைத் தொடுவதில்லை. மேலே எங்கோ படும் ஒளி, சுவருக்குச் சுவர் தெறித்து இறங்கும்போது செம்பின் நிறமாய், தேனின் நிறமாய், கடைசியில் ஊதா நிறமாய் வந்து சேருகிறது. பேசினால் சொல் திரும்பி வருகிறது. தலைக்கு மேலே, முப்பது நாற்பது அடி உயரத்தில், இரு சுவர்களுக்கும் இடையே ஒரு மரத்தடி உத்தரம்போல் செருகி நின்றது. அதை யார் கொண்டுபோய் அங்கே வைத்தார் என்று கேட்டோம். "தண்ணீர்" என்றார் அம்மையார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஏழாவது மைலில் பக்ஸ்கின் என்னும் கிளைப்பிளவு மேற்கிலிருந்து வந்து சேருகிறது. 15 மைல் நீளத்துக்குச் சற்று மிகுதியாகச் செல்லும் சந்து அது. பல இடங்களில் அகலம் 10 அடிகூட இல்லை. இரு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொட்டுவிடும் இடங்களும் உண்டு. அதன் அருகே மாலை ஐந்து மணிக்குச் சேர்ந்தோம். எட்டு மணிநேரம் நடந்திருந்தோம். நீரோரம் அழகான மணல்திட்டு ஒன்று, மெத்தை விரித்தாற்போல் கிடந்தது. மூட்டையை இறக்கினோம். காலணியைக் கழற்றினோம். காலுறையைப் பிழிந்து பாறைமேல் விரித்தோம். அப்போது அம்மையார், "இங்கே இல்லை, மேலே" என்று கையால் காட்டினார். செங்குத்தாய் இருபது அடிக்குமேல் உயர்ந்த ஒரு திண்ணை. ஏறும் வழியோ சரியும் மணல்.

வானத்தை அண்ணாந்து பார்த்தோம். கீற்றளவு வானம், அதில் ஒரு மேகமும் இல்லை. நண்பர்கூட ஏறத் தொடங்கிவிட்டார். நமக்கோ ஏறுவதற்கு மனமில்லை. வெளிப்படையாக எழுதுவதென்றால், சினம் வந்தது. வாசகர்களுக்குத் தெரியாததல்ல: பங்கில் நாம் பந்தலை இங்கே போடு என்றால் இங்கே, அங்கே போடு என்றால் அங்கே. முப்பது ஆண்டுகளாக நம்மை யாரும் 'இங்கே இல்லை, மேலே' என்று சொன்னதில்லை. ஒரே இரவுதானே, மழைக்கு அறிகுறியே இல்லையே என்று ஆங்கிலத்தில் சற்று உரக்கவே வாதாடினோம். சுவர்கள் நம் குரலை நமக்கே திருப்பித் தந்தன. அவர் குரலை உயர்த்தவில்லை. "நாளைக் காலையில் என்மீது கோபித்துக்கொள்ளுங்கள், ஃபாதர். இப்போது ஏறுங்கள்" என்றார். "ஏறப்பா, வீண் பிடிவாதம் எதற்கு?" என்று மேலிருந்து தமிழில் வந்தது நண்பர் குரல். ஏறினோம். ஈரக் காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் ஏறினோம். அவர் கொடுத்த சூப்பையும் மறுத்துவிட்டுப் படுத்தோம். ஐம்பத்தாறு வயதில் இப்படியும் ஒரு குழந்தைத்தனம்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கலாம். தொலைவில் சரக்கு ரயில் வருவதுபோல் ஓர் ஓசை. ரயிலாயின் கடந்து போய்விடும், இது போகவில்லை. விளக்கை அடித்துக் கீழே பார்த்தோம். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை காப்பி நிற நீர், நுரையும் சுள்ளியும் மிதக்க, திரண்டு போய்க்கொண்டிருந்தது. ஈரமண்ணின் வாடை கிணற்றுக்குள் இருப்பதுபோல் அடித்தது. எங்கள் தலைக்குமேல் விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு துளி மழையும் இல்லை. மழை எங்கோ வடக்கே, நாங்கள் காணாத மேட்டில் பெய்திருக்கிறது.

இப்படித்தான் அந்நாட்டில் நிகழுகிறது. பாறையும் களியும் நிறைந்த நிலம் நீரை உறிஞ்சுவதில்லை. பல மைல் பரப்பில் பெய்தது முழுவதும் ஒரே சந்துக்குள் வந்து விழுகிறது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஆன்டிலோப் என்னும் மற்றொரு பிளவில், 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வேறெங்கோ பெய்த மழையின் வெள்ளம் வந்து 11 பேரைக் கொண்டுபோயிற்று.

விடிந்ததும் கீழே பார்த்தோம். நாம் காலுறை விரித்த பாறையே தெரியவில்லை. வெள்ளம் நான்கடிக்குக் குறையாமல் ஏறியிருந்தது என்று சுவரின் ஈரத்தைப் பார்த்து அம்மையார் கணித்தார். "மழை வருமென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று நண்பர் கேட்டார். "தெரியாது. தெரியாததனால்தான் மேலே ஏறினோம்" என்றார். நாம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. கேட்கவில்லை. காப்பி நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

அன்று முழுவதும் அந்தத் திண்ணையிலேயே சிறையிருந்தோம். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு மடக்குவாளியில் அந்தக் குழம்பை மொண்டு, சிறிது படிகாரத்தைப் போட்டுக் கலக்கி வைத்தார் அம்மையார். இரண்டு மணிநேரத்தில் வண்டல் அடியில் உட்கார்ந்தது. மேல்நீரை இறுத்து வடிகட்டினோம். ஆடி மாதத்துப் புதுவெள்ளம் வரும்போது நம் அன்னை பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளியவைப்பதை அவரிடம் சொன்னோம். அந்தக் கொட்டையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வாய்க்கு வரவில்லை. மூவரும் சிரித்தோம். முதல்நாளைய இறுக்கம் சற்றுத் தளர்ந்தது.

பொழுது போவதற்காக நண்பர் ஒரு வரலாறு சொன்னார். அதை நம் வாசகர்கள் அறிவது தகும். 1776ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த இரு குருக்கள், தோமிங்கெஸ் என்பாரும் எஸ்கலாந்தே என்பாரும், மொத்தம் பத்துப் பேராகச் சாண்டா ஃபே நகரிலிருந்து புறப்பட்டனர். கலிபோர்னியாவின் மாண்டெரேக்கு நிலவழி காண்பது நோக்கம். அக்டோபர் தொடக்கத்திலேயே பனி கொட்டிற்று. மேலே செல்வதா திரும்புவதா என்று குழுவில் பூசல். படம் வரையும் மியேரா முதலியோர் மாண்டெரேயை விட மனமில்லாமல் முறுமுறுத்தனர். அக்டோபர் 11ஆம் நாள் சீட்டுப் போட்டனர். 'திரும்புக' என்று விழுந்தது. திரும்பும் வழியில் கொலராடோ ஆறு குறுக்கிட்டது. அக்டோபர் 26ஆம் நாள் பரீயா ஓடை வந்து கலக்கும் அந்த முகத்துவாரத்தில் வந்து மாட்டிக்கொண்டனர். பின்னே செங்குன்று, முன்னே பேராறு. நீந்தத் தெரிந்த இருவர் ஆடையைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினர். நடு ஆற்றில் ஆடை போயிற்று. உயிர் தப்பி அக்கரை சேர்ந்தவர்கள், ஆடையின்றி அங்கே என்ன செய்ய முடியும்? திரும்பி நீந்தி வந்தனர். பிறகு எஸ்கலாந்தே அடிகள் கட்டைகளைப் பிணைத்துத் தெப்பம் செய்து ஏறினார். கோல் ஆழத்தை எட்டவில்லை. எதிர்க்காற்றும் அலையும் கரைக்கே தள்ளிவிட்டன. உணவு தீர்ந்து குதிரையைக் கொன்று உண்டனர். அவ்விடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சான் பெனித்தோ சல்சிப்புவேதஸ்'. சான் பெனித்தோ நம் புனித ஆசீர்வாதப்பர். பின்சொல்லுக்குப் பொருள், 'முடிந்தால் வெளியேறு'.

இரண்டு குருக்களும் கடைசியில் பரீயா ஓடையின் வழியே சிறிது தூரம் மேலேறி, செங்குன்றில் ஓர் இடுக்கைக் கண்டு, நவம்பர் 2ஆம் நாள் வெளியேறினர். 7ஆம் நாள் வேறோர் இடத்தில், விலங்குகள் இறங்கப் பாறையில் படி செதுக்கி, ஆற்றைக் கடந்தனர். பாதிரிமார் துறை என்று பெயர்பெற்ற அவ்விடம், 1963இல் நீர் தேக்கத் தொடங்கிய அணையின் ஏரிக்குள் இன்று மூழ்கிக் கிடக்கிறது. அவர்கள் சாண்டா ஃபே சேர்ந்தது 1777 ஜனவரி 2இல். எஸ்கலாந்தே 1780இலேயே இறந்தார், முப்பதை ஒட்டிய வயதில். நம் குருமடத்துச் சபை வரலாற்று வகுப்பில் இவர்கள் பெயரைக் கேட்ட நினைவே நமக்கில்லை.

மூன்றாம் நாள் நீர் வடிந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற சேறு வடியவில்லை. வெள்ளத்துக்குப் பின் அடிமணல் உளையாகிவிடும். பார்வைக்குக் கட்டியாய் இருக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை விழுங்கிக்கொள்ளும். நாம் இருமுறை விழுந்தோம். இழுக்க இழுக்க இறுகுகிறது. காலை மெல்ல ஆட்டி நீரை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். இழந்த ஒருநாளை ஈடுசெய்ய வேண்டி, அன்று பத்து மைல் நடந்தோம். 12ஆவது மைலில் பாறைச் சுவரிலிருந்தே சுரந்து விழும் ஊற்று ஒன்று. சுற்றிலும் பெரணிச் செடிகள். இரண்டு நாள் படிகாரத் தண்ணீர் குடித்த நாவுக்கு அது எப்படியிருந்தது என்று எழுத நமக்குச் சொல் போதாது. அதற்கப்பால் துருப்பிடித்த ஒரு பழைய நீர்ப்பம்பு கிடந்தது. மேட்டில் மேயும் மாடுகளுக்காக ஒரு காலத்தில் இவ்வளவு ஆழத்திலிருந்து நீரேற்ற முயன்றிருக்கிறார்கள்.

நான்காம் நாள் ஒருமணி நேரம் அம்மையார் எங்களுக்கு விடுமுறை அளித்தார். ரேதர் என்னும் பக்கப்பிளவில் ஏறி, அங்கே பாறையில் இயற்கையாய் வளைந்து நிற்கும் வில்லைப் பார்த்தோம். அதன் வீச்சு 240 அடிக்கு மேல். நம் கோவிலை அப்படியே அதன் அடியில் நிறுத்தினாலும் மணிக்கூண்டைச் சுற்றி வௌவால் பறக்க இடமிருக்கும். அம்மையார் வரவில்லை, கீழேயே ஒரு பாறையில் அமர்ந்திருந்தார். கணவரோடு கடைசியாக வந்தபோது அவ்விடத்தில்தான் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம். இதை அவர் சொல்லவில்லை, நண்பர் சொன்னார்.

ஐந்தாம் நாள் சுவர்கள் அகன்றன. நிழல் போயிற்று. கடைசிப் பதினொரு மைல் மணலும் வெயிலுமே. இப்பகுதியில் கண்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். செங்குன்றின்மேல் ஒரு பெரும் பறவை சிறகசைக்காமல் வட்டமிட்டது. கலிபோர்னியக் கழுகு. சிறகில் எண்ணெழுதிய அட்டை பொருத்தியிருந்தது. சிறகு விரிந்தால் ஒன்பது அடிக்கு மேல். 1982இல் உலகிலேயே 22 மட்டும் எஞ்சியிருந்த பறவை இது. கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 1996இல் இந்தக் குன்றுகளிலிருந்துதான் அரிசோனாவில் முதன்முதல் பறக்கவிட்டனர். நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின என்பதை நினைத்துக்கொண்டே நடந்தோம்.

மாலையில் லீஸ் ஃபெரி. 1870களின் தொடக்கத்தில் ஜான் லீ என்பவர் அங்கே பரிசல்துறை அமைத்தார். 1857இல் வழிப்போக்கர் பலர் கொல்லப்பட்ட கொடுஞ்செயலில் பங்குகொண்டதற்காக 1877இல் மரண தண்டனை பெற்றவர் அவர். 1929இல் பாலம் வரும் தறுவாய்வரை அத்துறை நடந்தது. ஓடையின் ஓரத்தில் பழைய பண்ணையும் சிறு கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. அங்கே ஒரே கல்லில் நான்கு குழந்தைகளின் பெயர்கள். பிற்காலத்தில் துறையை நடத்திய குடும்பத்தின் பிள்ளைகள். 1891இல் தொண்டை அடைப்பான் நோய் கண்டு சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராய் இறந்தவர்கள். அவர்கள் மார்மன் சபையினர். நாங்கள் மூவரும் அங்கே சற்று நின்று, நித்திய இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொண்டோம்.

கல்லறையிலிருந்து வண்டிக்கு நடக்கையில்தான் நமக்கு வாய் வந்தது. "அம்மா, முதல்நாள் மாலை நாம் பேசியது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் நின்று, நினைவுகூர முயல்பவர்போல் நம்மைப் பார்த்தார். "சூப் வேண்டாமென்றீர்களே, அதற்கா?" என்றார்.

வண்டியின் பின்புறத்தைத் திறந்து, முதல் வேலையாக அந்தப் பைகளைக் கேட்டு வாங்கி, இறுகக் கட்டி, ஓரமாக வைத்தார். பிறகு ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கோர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பழத்தை உரித்துக்கொண்டே ஏறினோம். ஆற்றின்மேல் 470 அடி உயரத்தில் நிற்கும் பாலத்தை வண்டி கடந்து முடிப்பதற்குள் பழத்தில் பாதிகூடத் தீரவில்லை.